வீடு திரும்பிய முதல் வாரம்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் சர்க்கரைக்காக மருத்துவமனையில் சேர்வதில்லை. நெஞ்சுவலி, நுரையீரல் தொற்று, காலில் ஆறாத புண், இடுப்பெலும்பு முறிவு, பித்தப்பை அறுவைச் சிகிச்சை என்று வேறு ஏதோ ஒரு காரணத்துக்காகச் சேர்கிறார்கள். சர்க்கரையும் கூடவே வருகிறது. சேர்ந்த நோய் குணமானதும் வீடு திரும்புகிறார்கள். அதுவரை நாளுக்கு நான்கு முறை விரல் நுனியில் குத்திப் பார்க்கப்பட்ட சர்க்கரையை, அடுத்த நாளிலிருந்து யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பல வேளைகளில் விடை இருப்பதில்லை.

பொது மருத்துவராக வார்டுகளில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சர்க்கரை நோயாளியின் சிகிச்சை பெரும்பாலும் தடுமாறுவது, பொறுப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில்தான். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு, பகல் பணிச் செவிலியரிடமிருந்து இரவுப் பணிச் செவிலியருக்கு, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு என்று அந்தக் கைமாற்றங்கள் பல. அவற்றுள் கடைசியாக வருவதே மிகவும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

இது ஏதோ சிலருடைய சிக்கல் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு, 2023-இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேர். மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். நம் ஊர் மருத்துவமனைகளின் எந்த வார்டில் நுழைந்தாலும், வேறு நோய்க்காகப் படுத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளைக் காணலாம்.

ஏன் எகிறுகிறது?

‘வீட்டில் இருக்கும்போது 150-ஐத் தாண்டியதே இல்லை, இங்கு வந்ததும் 300 காட்டுகிறதே’ என்று உறவினர்கள் கேட்பது வழக்கம். மருத்துவமனைச் சாப்பாட்டின் மீது பழி விழும். உண்மையான காரணம் உடலுக்குள் இருக்கிறது. கடுமையான தொற்று, மாரடைப்பு, அறுவைச் சிகிச்சை போன்ற நெருக்கடிகளில் உடல் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்களை மிகுதியாகச் சுரக்கிறது. நெருக்கடியைச் சமாளிக்க ஆற்றல் வேண்டும் என்று கல்லீரல் குளுக்கோஸைக் கொட்டுகிறது. அதே ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையையும் மந்தப்படுத்துகின்றன. ஸ்டீராய்டு மருந்துகளும் குளுக்கோஸ் கலந்த டிரிப்பும் சேர்ந்தால் சர்க்கரை மேலும் ஏறும். இதுவரை சர்க்கரை நோயே இல்லாதவர்களுக்கும் இப்படி ஏறுவது உண்டு.

இதில் ஒரு முக்கியமான பின்விளைவு இருக்கிறது. நெருக்கடி தணியும்போது, உயர்ந்த சர்க்கரையும் தணியும். நோயின் உச்சத்தில் 40 யூனிட் இன்சுலின் தேவைப்பட்டவருக்கு, பத்து நாள் கழித்து அதில் பாதிகூடத் தேவைப்படாமல் போகலாம். வார்டில் எழுதிய அளவை வீட்டிலும் அப்படியே தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதை இங்கேயே யோசித்துக்கொள்ளலாம்.

எந்த அளவு நல்லது?

மருத்துவமனையில் இருக்கும்போது சர்க்கரையை எந்த அளவில் வைத்திருக்க வேண்டும் என்பதில் மருத்துவ உலகமே ஒருமுறை மனம் மாறியிருக்கிறது. 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் இடையே கண்டிப்பாக வைத்திருந்தபோது இறப்பு குறைந்தது. உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அந்த வழியைப் பின்பற்றத் தொடங்கின.

2009-இல் ‘நைஸ்-சுகர்’ என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா உள்ளிட்ட நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் இருந்தனர். சர்க்கரையை மிகக் கண்டிப்பாகக் குறைத்த பிரிவில் 90 நாள்களுக்குள் 27.5 சதவீதம் பேர் இறந்தனர். 180-ஐத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொண்ட பிரிவில் 24.9 சதவீதம் பேர். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தது முதல் பிரிவில் 6.8 சதவீதம் பேருக்கு. இரண்டாவது பிரிவில் 0.5 சதவீதம் பேருக்கு மட்டுமே. குறைவு என்றால் நல்லது என்ற எளிய கணக்கு அத்துடன் முடிந்தது.

இன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு, டெசிலிட்டருக்கு 140 முதல் 180 மில்லிகிராம் வரை என்பதே ஏற்கப்பட்ட இலக்கு. 180-ஐத் தொடர்ந்து தாண்டினால் இன்சுலின் தொடங்க வேண்டும். வீட்டில் வெறும் வயிற்றில் 110 இருக்க வேண்டும் என்று பழகிய குடும்பத்தினர், வார்டில் 165 காட்டுவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. முதியவர்களுக்கும், சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் சற்றுத் தளர்வான இலக்கே பாதுகாப்பானது.

ஊசியும் தட்டும்

மருத்துவமனையில் பெரும்பாலும் மாத்திரைகளை நிறுத்திவிட்டு இன்சுலினுக்கு மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. நோயாளி இன்று சாப்பிடுவார், நாளை ஸ்கேனுக்காகப் பட்டினி கிடப்பார். சிறுநீரகத்தின் செயல்பாடு நாளுக்கு நாள் மாறும். மணிக்கணக்கில் வேலை செய்யும் மாத்திரையை விழுங்கிய பிறகு திரும்பப் பெற முடியாது. இன்சுலின் அளவையோ வேளைக்கு வேளை கூட்டிக் குறைக்கலாம்.

ஆனால், அதைக் கொடுக்கும் முறையில்தான் நம் வார்டுகளில் ஒரு பழைய வழக்கம் விடாமல் தொடர்கிறது. ‘ஸ்லைடிங் ஸ்கேல்’ என்பார்கள். சர்க்கரை 200 என்றால் 4 யூனிட், 250 என்றால் 6, 300 என்றால் 8 என்று ஓர் அட்டவணை கேஸ் ஷீட்டில் இருக்கும். அந்த நேரத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதற்கேற்ப ஊசி. ஏறும்வரை காத்திருந்து பின்னால் துரத்துவதே இதன் இயல்பு. காலையில் 130 இருந்தால் ஊசி இல்லை, மதியம் 320, அப்போது பெரிய ஊசி, மாலையில் 80. ஊஞ்சல் ஆடுவது போலச் சர்க்கரை ஆடும்.

இதற்கு மாற்று, உடலின் இயற்கையைப் பின்பற்றும் முறை. நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலின் ஒருமுறை. ஒவ்வொரு வேளை உணவோடும் விரைவாக வேலை செய்யும் இன்சுலின் ஒருமுறை. 2007-இல் அமெரிக்காவில் 130 நோயாளிகளிடம் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். சர்க்கரையை 140-க்குக் கீழ் கொண்டுவருவது புதிய முறையில் 66 சதவீதம் பேருக்கும், ஸ்லைடிங் ஸ்கேல் முறையில் 38 சதவீதம் பேருக்கும் கைகூடியது. பிறகும் பழைய அட்டவணை உயிரோடு இருப்பதற்குக் காரணம், அது எழுதுவதற்கு எளிது என்பதே.

எந்த முறையாக இருந்தாலும், ஊசியும் சாப்பாட்டுத் தட்டும் ஒன்றாக வர வேண்டும். இது எளிதாகத் தோன்றும். ஆனால், வார்டின் நடைமுறையை அறிந்தவர்களுக்கு அதன் சிரமம் தெரியும். சர்க்கரை பார்ப்பவர் ஒருவர், ஊசி போடுபவர் ஒருவர், உணவு கொண்டு வருபவர் ஒருவர், ஸ்கேனுக்கு அழைத்துச் செல்ல சக்கர நாற்காலியுடன் வருபவர் ஒருவர். பன்னிரண்டரை மணிக்கு ஊசி போட்டாகிவிட்டது. பன்னிரண்டே முக்காலுக்கு நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தட்டு கட்டிலருகே ஆறிக்கொண்டிருக்கிறது. தாழ்சர்க்கரை இப்படித்தான் பிறக்கிறது. யாரும் தவறு செய்யவில்லை என்று எல்லாரும் சொல்லலாம். அவரவர் வேலையை அவரவர் செய்துதான் இருக்கிறார்கள்.

இங்குதான் உடனிருப்பவரின் பங்கு பெரிது. நம் மருத்துவமனைகளில் நோயாளியின் கட்டிலருகே மகளோ மருமகளோ தம்பியோ எப்போதும் ஒருவர் இருப்பார். ‘அப்பாவுக்கு ஊசி போட்டாச்சு, இன்னும் சாப்பிடலை’ என்று அவர் ஸ்கேனுக்கு அழைக்க வந்தவரிடம் சொல்லும் ஒரு வாக்கியம், ஓர் ஆபத்தைத் தடுக்கும். அதேபோல, பார்க்க வருபவர்கள் அன்போடு கொண்டு வரும் சாத்துக்குடிச் சாறும் பிஸ்கட்டும் எப்போது கொடுக்கப்பட்டன என்பதைச் செவிலியரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அந்தச் சாற்றால் ஏறிய சர்க்கரைக்கு அடுத்த வேளை ஊசியின் அளவு கூட்டப்படும்.

தாழ்சர்க்கரை என்பது 70-க்குக் கீழ் இறங்குவது. 54-க்குக் கீழ் இறங்கினால் அது அவசர நிலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி ஆகியவை வழக்கமான அறிகுறிகள். முதியவர்களிடம் குழப்பமான பேச்சு, மந்தம், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி என்று பக்கவாதம் போலவும் வரலாம். இதய நோய்க்காகச் சில மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் வியர்வை மட்டுமே இருக்கலாம். எனவே, சர்க்கரை நோயாளியின் போக்கில் திடீர் மாற்றம் தெரிந்தால், முதல் வேலை விரல் நுனியில் குத்திப் பார்ப்பதே.

மறந்துவிடும் பரிசோதனை

மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளே செய்ய வேண்டிய ஒரு பரிசோதனை உண்டு. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி. முந்தைய மூன்று மாதங்களுக்குள் செய்யவில்லை என்றால், சர்க்கரை நோயாளி ஒவ்வொருவருக்கும் இதைச் செய்ய வேண்டும். வார்டில் காட்டும் 300 நேற்று வந்த தொற்றின் விளைவா, பல மாதங்களாகத் தொடரும் அலட்சியத்தின் விளைவா என்பதை இந்த ஓர் எண் பிரித்துக் காட்டும்.

வீட்டுக்கு எந்த மருந்தோடு அனுப்புவது என்பதை முடிவு செய்யவும் இதுவே துணை. இந்த எண் 7-க்குக் குறைவாக இருந்தால், பெரும்பாலும் பழைய மருந்துகளே போதும். 7-க்கும் 9-க்கும் இடையே என்றால், மாத்திரைகளோடு, மருத்துவமனையில் கொடுத்த அடிப்படை இன்சுலினில் ஏறத்தாழப் பாதி அளவு. 9-க்கு மேல் என்றால் இன்சுலினைக் கூடுதலாகத் தொடர வேண்டும். 2014-இல் ஆய்வு செய்து காட்டப்பட்ட வழி இது. ரத்தசோகை உள்ளவர்கள், அண்மையில் ரத்தம் ஏற்றப்பட்டவர்கள், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தப் பரிசோதனை தவறான எண்ணைக் காட்டலாம் என்பதை மட்டும் மருத்துவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழைய டப்பாவும் புதிய சீட்டும்

இனி வீட்டுக்கு வருவோம். டிஸ்சார்ஜ் நாளன்று குடும்பத்தின் கவனம் முழுவதும் பில், காப்பீட்டு அனுமதி, வண்டி ஏற்பாடு ஆகியவற்றில் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு ஒரு கோப்பும் ஒரு மருந்துப் பையும் கையில் தரப்படும். ‘எல்லாம் இதில் எழுதியிருக்கிறது’ என்பார்கள். எழுதியிருப்பது ஆங்கிலத்தில், வணிகப் பெயர்களில், சுருக்கக் குறியீடுகளில். வீட்டில் ஏற்கெனவே ஒரு மாத்திரை டப்பா இருக்கிறது. அதில் இருப்பதை என்ன செய்வது என்பது அந்தக் கோப்பில் இருக்காது.

இதனால் விளையும் குழப்பம் இரண்டு வகை. ஒன்று, ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போவது. நம் நாட்டில் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கிப் பல வணிகப் பெயர்களில் விற்கிறார்கள். வீட்டு டப்பாவில் இருப்பதும் புதிய சீட்டில் இருப்பதும் வெவ்வேறு பெயர். உள்ளே இருப்பதோ அதே கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும். இரண்டையும் விழுங்குபவருக்கு, அதிலும் சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு, தாழ்சர்க்கரை மணிக்கணக்கில் நீடிக்கும். சரிசெய்தாலும் மீண்டும் வரும்.

இன்னொன்று, தற்காலிகமாக நிறுத்திய மருந்து நிரந்தரமாக நின்றுபோவது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியின்போது அவை உள்ளே இருந்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. ஆனால், அதே மாத்திரைகள் இதயச் செயலிழப்பு உள்ளவர்களைக் காக்கின்றன. நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் மீண்டும் தொடங்க வேண்டும் என்று யாரும் எழுதாவிட்டால், அந்தக் காப்பு போய்விடும். சாயம் செலுத்தி எடுக்கும் ஸ்கேனுக்காக நிறுத்தப்படும் மெட்ஃபார்மினுக்கும் இதே கதிதான்.

ஆகவே, டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துப் பட்டியல் மட்டும் போதாது. தொடர வேண்டியவை எவை, நிறுத்த வேண்டியவை எவை, புதியவை எவை, தற்காலிகமாக நிறுத்தியதை எந்தத் தேதியில் தொடங்குவது என்ற நான்கு விடைகள் தமிழில் வேண்டும். குடும்பத்தினர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டில் உள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். மருத்துவரோ மருந்தாளுநரோ உங்கள் கண்முன்னே பிரித்துத் தரட்டும்.

இரண்டரை மடங்கு

இன்சுலினோடு வீட்டுக்கு அனுப்பப்படுபவர்களுக்கு நம் நாட்டில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லி லிட்டருக்கு 40 யூனிட் கொண்டது. பேனாவில் வருவது 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. குப்பியில் எழுதியிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

100 யூனிட் இன்சுலினை 40-க்கான சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட், இரண்டரை மடங்கு. மாறாக, 40 யூனிட் இன்சுலினை 100-க்கான சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை இழுத்தால், போவது 4 யூனிட் மட்டுமே. முதலாவது தாழ்சர்க்கரையில் வீழ்த்தும். இரண்டாவது சர்க்கரையை ஏறவிடும். மருத்துவமனையில் பேனாவில் போட்டுப் பழகியவர், செலவு கருதி வீட்டில் குப்பிக்கு மாறும்போதும், கடையில் ‘ஊசி கொடுங்க’ என்று மட்டும் கேட்டு வாங்கும்போதும் இந்தக் குழப்பம் நேர்கிறது.

வார்டில் இருக்கும் நாள்கள் முழுவதும் செவிலியரே ஊசி போடுகிறார். நோயாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் முதல் ஊசியைத் தானே போட வேண்டிய நேரத்தில்தான், தனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிகிறது. கிளம்புவதற்கு முன் குறைந்தது இரண்டு முறை, செவிலியரின் கண்முன்னே, நோயாளியோ வீட்டில் ஊசி போடப்போகிறவரோ தம் கையால் போட்டுக் காட்ட வேண்டும். திறக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், நிழலில் வைத்த மண்பானையின் நீர், உள்ளே ஈரம் புகாதபடி மூடிய டப்பாவில் உள்ள இன்சுலினை வெயிலிலிருந்து காக்கும்.

ஸ்டீராய்டு தந்த பாடம்

வீடு திரும்பிய பிறகு சர்க்கரையைக் கவனிக்காவிட்டால் என்ன நேரும் என்பதை நாடு முழுவதும் கண்ட காலம் 2021. கரோனாவில் மூச்சுத்திணறலுக்கு ஆளானவர்களைக் காப்பாற்றியது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. 2020-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு அதை நிறுவியது. நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். அந்த அளவையும் நாளையும் தாண்டிப் பலருக்கு ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. வீட்டிலும் தொடரப்பட்டது. சர்க்கரை எகிறியதைப் பலர் பார்க்கவே இல்லை. அந்தச் சூழலில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியது. கண்ணையும் தாடையையும் உயிரையும் பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். 2021 மே மாதம், அந்த நோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

ஆஸ்துமாவுக்கும் மூட்டு நோய்க்கும் இன்றும் ஸ்டீராய்டு தேவைப்படுகிறது. காலையில் விழுங்கும் பிரெட்னிசோலோன், சர்க்கரையை மதியத்திலிருந்து இரவுவரை ஏற்றும். மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தால் சாதாரணமாகவே இருக்கும். ஆகவே, இவர்கள் மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்கு முன்னும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டின் அளவு படிப்படியாகக் குறையும்போது இன்சுலினின் அளவும் குறைய வேண்டும். முதலாவது குறைப்புச் சீட்டில் இருக்கும். இரண்டாவது பல நேரம் இருப்பதில்லை.

முதல் ஏழு நாள்கள்

அப்படியானால், முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்? இன்சுலினோ புதிய மாத்திரையோ தொடங்கியிருந்தால், காலை வெறும் வயிற்றிலும் இரவு உணவுக்கு முன்பும் குளுக்கோமீட்டரில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மருத்துவர் வேறு நேரம் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். பசி குறைந்தால், வாந்தி வந்தால், வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டால், வழக்கமான அளவில் ஊசி போடுவதற்கு முன் மருத்துவமனையை அழையுங்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடிப்படை இன்சுலினை முற்றிலும் நிறுத்தக் கூடாது.

70-க்குக் கீழ் இறங்கினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ அரை டம்ளர் நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மீண்டும் அதே அளவு. ஏறியதும் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சோறோ சாப்பிட வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். ஒருமுறை இறங்கினாலும் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்தின் அளவு கூடுதல் என்பதற்கு அதுவே சான்று. தொடர்ந்து இரண்டு முறை 300-ஐத் தாண்டினாலும் மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

மருந்து மாறியிருந்தால், ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குள் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். ‘ஒரு மாதம் கழித்து வாருங்கள்’ என்பது இவர்களுக்குப் பொருந்தாது.

யார் பொறுப்பு?

இவை அனைத்தையும் நோயாளியின் தலையில் சுமத்திவிட்டு மருத்துவமனைகள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சேர்ந்த அன்று எச்பிஏ1சி, வெளியேறும் அன்று தமிழில் ஒரு பக்கக் குறிப்பு, மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு ஆகிய மூன்றுக்கும் புதிய கருவியோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. ‘காலையில் எவ்வளவு இருந்தது? ஊசி எவ்வளவு போட்டீர்கள்? சாப்பிட்டீர்களா?’ என்று ஒரு செவிலியர் கேட்கும் மூன்று நிமிடப் பேச்சு, மறுபடியும் படுக்கையில் சேர்வதைத் தடுக்கக்கூடும். கட்டிலைக் காலி செய்வதோடு கணக்கை முடிக்காமல், அந்த அழைப்பையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கருத வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மாத்திரை கொடுக்கும் அந்தக் கைகளுக்கு, தம் பகுதியில் யார் மருத்துவமனையிலிருந்து நேற்று திரும்பினார், எந்த மாத்திரை மாறியது என்ற தகவலும் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால், பெரிய மருத்துவமனை நிறுத்தச் சொன்ன மாத்திரை அடுத்த மாதம் வாசலுக்கே வந்து சேரும். நோயாளியும் அதை விழுங்குவார். அரசு மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் தகவல் அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே செல்லும் ஏற்பாடு, இருக்கும் திட்டத்தை முழுமையாக்கும்.

டொரோண்டோவில் 1922 ஜனவரியில், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் அவனைப் போன்றவர்களுக்குச் சாவு நிச்சயம். நூறாண்டுகளுக்குப் பிறகு, மருந்து நம் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. அதை எந்த அளவில், எந்தச் சிரிஞ்சில், எப்போது சாப்பிட்ட பிறகு போடுவது, எப்போது குறைப்பது என்று சொல்லி அனுப்புவதற்கு மட்டும் நமக்கு நேரமில்லை என்றால் அது நியாயமாகாது.

உங்கள் வீட்டில் ஒருவர் நாளை டிஸ்சார்ஜ் ஆகிறார் என்றால், பில் கட்டும் வரிசையில் நிற்பதற்கு முன் வார்டு மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பழைய மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும்? சர்க்கரை எவ்வளவுக்குக் கீழே போனாலும் மேலே போனாலும் யாரை, எந்த எண்ணில் அழைக்க வேண்டும்? அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும்? விடைகளை எழுதி வாங்கிக்கொண்ட பிறகு கிளம்புங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். பதில் சொல்வது எங்கள் கடமை.